அடிபட்ட மூளைக்குக் கஞ்சா மருந்தாகுமா?

நம்பிக்கை தரும் ஆய்வுகள் ஒருபுறம், கைவிரித்த ஆய்வுகள் மறுபுறம். நடுவில் தவிக்கிறது படுக்கையருகே காத்திருக்கும் குடும்பம்.

சாங்கி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது விமான நிலையம்தான். அதே பெயரைத் தாங்கிய இன்னும் இரண்டு இடங்கள் கிழக்கு வட்டாரத்தில் உண்டு. ஒன்று, சிமெயில் இருக்கும் சாங்கி பொது மருத்துவமனை. மற்றொன்று, அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் இருக்கும் சிறைச்சாலை. காரில் போனால் மூன்றுக்கும் இடையே சில நிமிடத் தொலைவுதான்.

இந்த வாரம் நாம் பேசப்போகும் விஷயம் இந்த மூன்று இடங்களையும் தொட்டுச் செல்கிறது.

தலையில் பலமாக அடிபட்ட ஒருவர் மருத்துவமனையில் கிடக்கிறார். குடும்பத்தார் மாறி மாறிக் கண்விழிக்கிறார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வருகிறது. "கஞ்சா எண்ணெய் மூளைக் காயத்தைக் குணப்படுத்தும், அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள்" என்கிறது அது. பேங்காக்கிலிருந்து சாங்கிக்கு விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். 'ஒரு சின்னப் புட்டிதானே, பையில் போட்டுக்கொண்டு வந்தால் என்ன?' என்ற எண்ணம் யாரோ ஒருவர் மனத்தில் எழுகிறது.

வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசும் நாள்களில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் போதையைத் தேடி அலைபவர்கள் அல்லர். மகனுக்காகக் கேட்கும் அம்மா, கணவருக்காகக் கேட்கும் மனைவி. அவர்களிடம் 'கூடாது' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் போதாது. அந்தக் காணொளியில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எவ்வளவு இன்னும் உண்மையாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரே அடி, இரண்டு காயங்கள்

மூளை மிகவும் மென்மையான உறுப்பு. மண்டையோடு கெட்டியான மூடிய பெட்டி. தலை வேகமாக எதிலாவது மோதும்போது உள்ளே இருக்கும் மூளை குலுங்கி, எலும்பில் இடித்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்கள் கிழிகின்றன, நரம்பிழைகள் அறுகின்றன. இது முதல் காயம். நடந்தது நடந்ததுதான், எந்த மருந்தாலும் அதை நடக்காததாக ஆக்க முடியாது.

அடுத்த சில மணி நேரத்திலும் சில நாள்களிலும் இரண்டாவது காயம் மெல்லத் தொடங்குகிறது. சேதமடைந்த நரம்பணுக்களிலிருந்து குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. சாதாரண நேரத்தில் நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்ல உதவும் அதே பொருள், வெள்ளமாகப் பெருகும்போது பக்கத்தில் நன்றாக இருந்த அணுக்களையும் சாகடிக்கிறது. அழற்சி ஏற்படுகிறது, மூளை வீங்குகிறது. மூடிய பெட்டிக்குள் வீக்கத்துக்கு இடம் ஏது? அழுத்தம் ஏறுகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, மேலும் அணுக்கள் மடிகின்றன. சில நோயாளிகளுக்கு மண்டையோட்டின் ஒரு பகுதியையே அறுவை மருத்துவர்கள் தற்காலிகமாகக் கழற்றி எடுப்பது இந்த அழுத்தத்தைத் தணிக்கத்தான்.

இந்த இரண்டாவது காயத்தைத் தடுக்கும் மருந்தைத்தான் உலகம் பல பத்தாண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறது. கஞ்சா பற்றிய பேச்சு தொடங்கும் இடமும் இதுவே.

இது யாரோ எவருக்கோ வரும் துன்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. குளியலறையில் வழுக்கி விழும் பாட்டி, விரைவுச்சாலையில் சறுக்கிய மோட்டார்சைக்கிளோட்டி, சாரத்திலிருந்து விழுந்த கட்டுமான ஊழியர் என்று நம்மைச் சுற்றி இருப்பவர்கள்தாம் இதற்கு ஆளாகிறார்கள். தமிழகத்திலிருந்து வந்து உயரத்தில் வேலை செய்யும் எத்தனையோ தம்பிகளின் குடும்பங்கள் அன்றாடம் அஞ்சுவதும் இதைத்தான்.

உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகும் கதை முடிவதில்லை. ஓயாத தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், நேற்று நடந்தது மறந்துபோவது, சிலருக்கு வலிப்பு. 'ஆள் வந்துட்டாரு, பழைய ஆள் வரல' என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லும் நிலை. அந்தப் பழைய ஆளைத் தேடித்தான் குடும்பங்கள் எண்ணெய்ப் புட்டி வரை போகின்றன.

மூளைக்குள் ஓர் ஆனந்தம்

கஞ்சாவை மருந்தாகப் பார்ப்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. சித்த, ஆயுர்வேத மரபுகள் அதை அறிந்தே இருந்தன. 1839ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் புரூக் ஓஷானசி என்ற மருத்துவர், இந்தியச் சணலின் சாற்றை முதலில் விலங்குகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து விரிவான கட்டுரை எழுதினார். வலிப்பு வந்த பச்சிளங் குழந்தை ஒன்றுக்குச் சிகிச்சை அளித்ததும் அதில் உண்டு. மேற்கத்திய மருத்துவத்துக்குக் கஞ்சாவை முறையாக அறிமுகப்படுத்தியவர் என்று அவரைச் சொல்வார்கள்.

செடிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலானது. இஸ்ரேலிய வேதியியல் அறிஞர் ரஃபேல் மெக்கூலம் ஆய்வு செய்யக் காவல்துறையிடம் கேட்டு ஐந்து கிலோ கஞ்சாப் பிசினை வாங்கி, பேருந்தில் மடியில் வைத்து எடுத்துச் சென்றாராம். 1964ல் அவரும் அவருடைய சகா யெஹியேல் கவோனியும் போதை தரும் பொருளான டிஎச்சி-யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை வெளியிட்டார்கள். போதை தராத சிபிடி என்ற பொருளின் அமைப்பு அதற்கு முந்திய ஆண்டே தெரிந்துவிட்டிருந்தது.

அடுத்த திருப்பம் 1992ல் வந்தது. கஞ்சாவின் வேதிப்பொருள் போய் ஒட்டிக்கொள்வதற்கென்று நம் மூளையில் ஏற்பிகள் இருக்கின்றன என்றால், அவை ஒரு செடிக்காகக் காத்திருக்குமா? உடலே அப்படியொரு பொருளைச் சுரக்க வேண்டுமே! மெக்கூலத்தின் குழு அதைக் கண்டுபிடித்து 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டது. ஆம், நாம் சொல்லும் அதே ஆனந்தம்தான். மூன்றாண்டுகளில் 2-ஏஜி என்ற இன்னொரு பொருளும் கிடைத்தது.

2001ல் அதே எருசலேம் ஆய்வாளர்கள் எலிகளிடம் ஒன்றைக் கவனித்தார்கள். தலையில் அடிபட்டதும் எலியின் மூளையில் 2-ஏஜி அதிகமாகச் சுரந்தது. வெளியிலிருந்தும் அதைச் செலுத்தியபோது வீக்கம் குறைந்தது, அணுக்கள் குறைவாகச் செத்தன, எலிகள் விரைவாகத் தேறின. அடிபட்ட மூளை தன்னைத்தானே காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சி இது என்று அவர்கள் எழுதினார்கள். 'நேச்சர்' இதழில் வெளியான அந்த ஆய்வுதான், மூளைக் காயத்துக்குக் கஞ்சா என்ற நம்பிக்கையின் வலுவான வேர்.

ஆக, காணொளிகள் முழுப் பொய் சொல்லவில்லை. வேர் உண்மையானது. மரம் வளர்ந்ததா என்பதுதான் கேள்வி.

446 பேரின் கணக்கு

'அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது 2014ல் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வை. மூளைக் காயத்துடன் வந்த 446 நோயாளிகளின் கோப்புகளை அவர்கள் புரட்டினார்கள். 82 பேரின் பரிசோதனையில் டிஎச்சி இருந்தது. அவர்களில் இறந்தவர்கள் 2.4 விழுக்காடு. டிஎச்சி இல்லாதவர்களில் இறந்தவர்கள் 11.5 விழுக்காடு.

கேட்டதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

82 பேரில் 2.4 விழுக்காடு என்றால் இரண்டே பேர். இருவருக்குப் பதில் நால்வர் இறந்திருந்தால் அந்த விழுக்காடு இரட்டிப்பாகியிருக்கும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையின் மேல் பெரிய மாளிகை கட்ட முடியாது.

இன்னொன்று, கஞ்சா புகைத்தவரின் சிறுநீரில் அதன் தடயம் பல நாள்கள், அடிக்கடி புகைப்பவரிடம் சில வாரங்கள்கூட இருக்கும். அடிபட்ட நேரத்தில் அவர் மூளையில் அந்தப் பொருள் வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சியில்லை. வயது, காயத்தின் கடுமை போன்ற வேறுபாடுகளை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் பழைய கோப்புகளில் எழுதப்படாத வேறுபாடுகள் எத்தனையோ இருக்கும். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன என்பதைத்தான் இந்த ஆய்வு காட்டியது. ஒன்று மற்றொன்றால் நடந்தது என்று காட்டவில்லை.

அப்படிக் காட்ட வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு மருந்தில்லாத போலி ஊசியும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமலேயே விளைவை அளக்க வேண்டும். மூளைக் காயத்தில் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். காணொளிகளில் அந்தப் பகுதி வருவதில்லை.

861 பேரின் பதில்

மெக்கூலத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான செயற்கைக் கூட்டுப்பொருள் ஒன்றின் பெயர் டெக்சனாபினால். கஞ்சாவின் வேதிப்பொருளைப் போன்ற அமைப்பு, ஆனால் போதை தராது. குளூட்டமேட் வெள்ளத்தை அது அணைபோட்டுத் தடுக்கும் என்று எலிச் சோதனைகள் காட்டின. 67 நோயாளிகளிடம் நடந்த முதற்கட்டச் சோதனையில் மண்டைக்குள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. எல்லாரும் நம்பினார்கள்.

பிறகு பெரிய சோதனை நடந்தது. 15 நாடுகள், 86 மருத்துவமனைகள், கடுமையான மூளைக் காயத்துடன் வந்த 861 நோயாளிகள். அடிபட்ட ஆறு மணி நேரத்துக்குள் ஓர் ஊசி. ஆறு மாதம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 50 விழுக்காட்டினரின் நிலை மோசமாக இருந்தது. போலி ஊசி பெற்றவர்களில் 51 விழுக்காடு. அதாவது, வேறுபாடு இல்லை. 2006ல் 'லான்செட் நியூராலஜி' இதழ் அந்த முடிவை வெளியிட்டது. மருந்து பாதுகாப்பானது, பலன் இல்லை.

பின்னர் ஐரோப்பாவில், கஞ்சா ஏற்பிகளைத் தூண்டும் இன்னொரு செயற்கை மருந்தை நினைவிழந்த 97 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012ல் வெளியான முடிவின்படி, முதல் மாதத்தில் மருந்து பெற்றவர்கள் அதிகம் பிழைத்தார்கள். ஆறு மாதத்தில் அந்த வேறுபாடு கரைந்துவிட்டது.

இவை தோல்விகள்தாம். ஆனால் கதவு இன்னும் அடைபடவில்லை. வேறு மருந்து, வேறு அளவு, வேறு நேரம் பலன் தரலாம் என்று ஆய்வாளர்கள் தொடர்கிறார்கள். தலையில் அடிவாங்குவதே தொழிலாகிப்போன அமெரிக்கக் காற்பந்து வீரர்களின் லீக், வலிக்கும் மூளை அதிர்ச்சிக்கும் கஞ்சாப் பொருள்கள் உதவுமா என்று ஆராய 2022ல் பத்து லட்சம் அமெரிக்க வெள்ளி ஒதுக்கியது.

ஸ்டீராய்டு கற்றுத்தந்த பாடம்

'நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? கொடுத்துப் பார்த்தால் என்ன நட்டம்?' என்று கேட்கத் தோன்றலாம். மூளைக் காயத்தின் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

தலையில் அடிபட்டு வருபவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது உலகின் பல மருத்துவமனைகளில் பல்லாண்டு வழக்கமாக இருந்தது. ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், மூளையின் சிக்கலும் வீக்கம்தான், அப்படியானால் அது உதவத்தானே வேண்டும்? கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! 'கிராஷ்' என்ற மாபெரும் சோதனை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதைச் சரிபார்த்தது. 2004ல் முடிவு வந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றோரில் 21.1 விழுக்காடு, பெறாதோரில் 17.9 விழுக்காடு. காப்பாற்றுவதாக நினைத்த மருந்து, ஆயிரம் பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கூடுதலாகப் பலிகொண்டது. சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

எலியிடம் வேலை செய்தது, கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, பலர் நம்புகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்தாலும் ஒரு பொருள் மருந்தாகிவிடாது என்பதை அந்த நோயாளிகளின் உயிர் நமக்குச் சொல்லிச் சென்றது.

பல மாதம் கழித்துக் கொடுத்தால்?

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் அடிபட்ட முதல் சில மணி நேரத்தைப் பற்றியவை. குடும்பங்கள் எண்ணெயைத் தேடுவதோ பெரும்பாலும் பல மாதம் கழித்து. அதற்குள் இரண்டாவது காயத்தின் காலம் கடந்துவிட்டது. எலியின் மூளையில் வீக்கம் குறைந்த கதைக்கும், ஓராண்டுக்குப் பின் தூக்கம் வராமல் தவிக்கும் மனிதருக்கும் தொடர்பு மிகக் குறைவு.

'சரி, தலைவலிக்கும் தூக்கத்துக்குமாவது உதவாதா?' என்றால், அது தனிக் கேள்வி. மூளைக் காயத்துக்குப் பிந்திய இந்தத் தொல்லைகளுக்குக் கஞ்சாப் பொருள்கள் பலன் தரும் என்று உறுதியாகச் சொல்லத்தக்க சோதனை இதுவரை இல்லை. பொதுவான நாள்பட்ட வலிக்குக்கூட அவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றுதான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான 'நைஸ்' 2019ல் முடிவெடுத்தது.

உறுதியான சான்று இருக்கும் இடம் ஒன்று உண்டு, அது வலிப்பு. செடியிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்த சிபிடி கொண்ட 'எப்பிடியோலெக்ஸ்' என்ற மருந்துக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. குழந்தைகளுக்கு வரும் டிராவே, லென்னாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு அரிய, கடுமையான வலிப்பு வகைகளுக்காக முதலில் கிடைத்த ஒப்புதல் அது. மூளைக் காயத்தால் வரும் வலிப்புக்கு அது பொருந்தும் என்று யாரும் இன்னும் நிறுவவில்லை.

ஆபத்துகளும் உண்டு. சிபிடி கல்லீரலைப் பாதிக்கலாம். மூளைக் காயமுற்றவர்கள் பலர் உட்கொள்ளும் வால்புரோவேட் என்ற வலிப்பு மருந்தோடு சேரும்போது அந்த ஆபத்து கூடுகிறது. டிஎச்சி நினைவாற்றலையும் கவனத்தையும் மந்தமாக்கும், தலைசுற்றலைத் தரும். நினைவே தடுமாறும் ஒருவருக்கு, நடையே தள்ளாடும் ஒருவருக்கு, மீண்டும் ஒருமுறை விழுந்துவிடக்கூடாத ஒருவருக்கு இது சின்ன விஷயமா?

செடி வேறு, மருந்து வேறு

இனி சட்டத்துக்கு வருவோம். 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி, கஞ்சாவை வைத்திருந்தாலோ உட்கொண்டாலோ பத்தாண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் குற்றமே. செடியிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெயும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. 'அங்கே கடையில் விற்கிறார்களே' என்பது சாங்கியில் எடுபடாது.

அங்கேயும் காற்று மாறிக்கொண்டேதான் இருக்கிறது. 2018 இறுதியில் மருத்துவத் தேவைக்கு அனுமதித்த தாய்லாந்து, 2022 ஜூன் மாதம் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே நீக்கியது. மூலைக்கு மூலை கடைகள் முளைத்தன. 2025 ஜூன் மாதம் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பவும் கயிற்றை இறுக்கியது.

ஆனால் நம் நாட்டில் பலர் அறியாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிங்கப்பூர் மறுப்பது பதப்படுத்தாத செடியையும் சரிபார்க்கப்படாத எண்ணெயையும்தான். தரமும் அளவும் உறுதிசெய்யப்பட்டு, சோதனைகளைக் கடந்து வந்த மருந்தாக இருந்தால், நிபுணத்துவ மருத்துவர் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். நோயாளிக்கு நோயாளி பரிசீலித்து முடிவெடுப்பார்கள். வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத வலிப்புக்காக ஒரு சிலருக்குச் சிபிடி மருந்து இப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 2018 ஜனவரியில் தேசிய ஆய்வு அறநிறுவனம் அறிவித்த, ஐந்தாண்டுகளுக்கு 25 மில்லியன் வெள்ளி மதிப்பிலான செயற்கை உயிரியல் ஆய்வுத் திட்டத்தில், கஞ்சாச் செடியே இல்லாமல் நுண்ணுயிர்களைக் கொண்டு அதன் மருத்துவப் பொருள்களை உருவாக்கும் பிரிவும் இருந்தது. கடுமையான சட்டமும் மருந்து ஆராய்ச்சியும் ஒரே நாட்டில் அருகருகே இருக்க முடியும்.

விமான நிலையத்தில் ஒரு புட்டி என்ன செய்யும் என்பதை லண்டன் பார்த்திருக்கிறது. 2018 ஜூன் மாதம், பன்னிரண்டு வயது பில்லி கால்டுவெல்லின் வலிப்புக்காகக் கனடாவிலிருந்து அவன் தாய் கொண்டுவந்த கஞ்சா எண்ணெயை ஹீத்ரோ விமான நிலையத்தில் அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். சில நாளில் சிறுவனுக்கு வலிப்பு கடுமையாகி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. நாடே கொந்தளித்தது. உள்துறை அமைச்சு எண்ணெயைத் திருப்பித் தர அனுமதித்தது. அதே ஆண்டு நவம்பர் 1 முதல், நிபுணத்துவ மருத்துவர்கள் கஞ்சா மருந்துகளை எழுதித்தரலாம் என்று சட்டம் மாறியது. ஒரு தாயின் கண்ணீருக்குச் சட்டத்தைத் திறக்கும் வலிமை இருந்தது. ஆனால் எந்த நோய்க்கு எவ்வளவு கொடுத்தால் பலிக்கும் என்ற கேள்விக்கு அந்தக் கண்ணீரால் பதில் தர முடியவில்லை. அதற்கு இன்றும் சோதனைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

உலக அளவிலும் இந்த இழுபறிதான். 2020 டிசம்பரில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தான பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கி வாக்களித்தது. ஆதரவாக 27 வாக்குகள், எதிராக 25. இந்தியா ஆதரித்தது, சிங்கப்பூர் ஏமாற்றம் தெரிவித்தது. ஆராய்ச்சிக்கு வழிவிடுவதற்கும் கடையில் விற்பதற்கும் இடையே கோடு எங்கே என்பதில் நாடுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இன்று கையில் இருப்பவை

அப்படியானால் அந்தக் குடும்பத்துக்கு நாம் என்னதான் சொல்வது?

மூளைக் காயத்தில் பெரும் பலன் தருவது நேரமும் பயிற்சியும். அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள். முதியவர் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால், சின்ன அடி என்று விட்டுவிடாதீர்கள். மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தும் வேலையைக் காட்டும்.

உயிர் ஆபத்து நீங்கியதும் மறுவாழ்வுச் சிகிச்சை தொடங்குகிறது. சாங்கி பொது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் சமூக மருத்துவமனை போன்ற இடங்களில் நடக்கவும், உடுத்தவும், பேசவும், விழுங்கவும் மீண்டும் கற்றுக்கொடுக்கிறார்கள். இயன்மருத்துவம், செயற்பாட்டுச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை என்று நாள்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது. காணொளியில் காட்ட அதில் பரபரப்பு எதுவும் இல்லை. ஒரு கரண்டியைப் பிடித்து வாய்வரை கொண்டுபோக மூன்று வாரம் ஆகலாம். ஆனால் சேதமடையாத பகுதிகள் புதிய வழிகளைக் கற்றுக்கொள்வதால்தான் மூளை தேறுகிறது. அதற்குத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. தூக்கம், கோபம், தலைவலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் கேட்டால்தான் கிடைக்கும். 'அவர் இப்போது எரிந்து விழுகிறார்' என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அதுவும் காயத்தின் அறிகுறிதான்.

வெளிநாட்டு ஊழியர் குடும்பங்களுக்கு ஒரு சொல். வேலையிடத்தில் அடிபட்டால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் சிகிச்சைச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் வழிசெய்கிறது. ஊருக்கு அனுப்பப்படுமுன் மருத்துவ அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ சிகிச்சையைத் தொடரப்போகும் மருத்துவருக்கு அவைதான் முதல் துணை.

ஊரிலிருந்து வந்த லேகியமோ, யாரோ கொடுத்த எண்ணெயோ, எதைக் கொடுப்பதற்கு முன்னும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்துகள் ஒன்றோடொன்று மோதும். மறைப்பதால் பாதிக்கப்படுவது நோயாளிதான்.

அடுத்த முறை அப்படியொரு காணொளி வரும்போது மூன்றே கேள்விகள் கேட்டுப் பாருங்கள். பலன் கிடைத்தது எலிக்கா, மனிதருக்கா? அடிபட்ட சில மணி நேரத்திலா, பல மாதம் கழித்தா? மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால், அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அடுத்த மருத்துவச் சந்திப்புக்குப் போங்கள், மருத்துவர் வரவேற்பார். பதில் இல்லையென்றால், அந்த நேரத்தைப் படுக்கையில் இருப்பவரின் கையைப் பிடித்துப் பயிற்சி கொடுப்பதில் செலவிடுங்கள். கரண்டி வாய்வரை போய்ச் சேரும் அந்த நாளைப் பார்க்க நீங்கள் அருகில் இருக்க வேண்டும்.